சாக்பீஸ் கொக்கு

பிப்ரவரி 9

என் கொக்கே,

நான் சுகம். நீயும் பல் டாக்டரும் பொடியனும் சுகமாகத் துறைமுகம் வந்து, தபால் ஆபீசில் கேட்டு இதை வாங்கிப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் 'நீங்க', கடிதத்தில் 'நீ'. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு 'நீங்கள்' போட்டு எழுதினால் கை வலிக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

நீங்கள் கிளம்பி ஏழு நாள் ஆகிறது. தினமும் காலையில் படகு கிளப் ஹாலைப் பெருக்கும்போது போர்டைப் பார்க்கிறேன். டாக்டர் அழகாகப் பெயர் எழுதியிருக்கிறார். அடுத்தது பொடியன் பெயர், கோழி கிளறின மாதிரி. அதற்குக் கீழே நீ பெயர் எழுதாமல் ஒற்றைக்கால் கொக்கு வரைந்துவிட்டுப் போயிருக்கிறாய். செகரட்டரி என்னிடம் வந்து, "இது கிளப்பா, பால்வாடியா? உங்க வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாதா?" என்று கேட்டார். "தெரியும் சார், வெக்கம்தான் தெரியாது" என்றேன். சிரித்துவிட்டார். ஆனாலும் அழிக்கவில்லை. போகிறவன் தன் கையால் எழுதணும், வந்தவன் தன் கையால் அழிக்கணும், வேறு யாரும் தொடக்கூடாது. அந்தச் சட்டத்துக்கு அவரும் பயப்படுகிறார். நான் துணியால் உன் கொக்கைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.

பதினாலு வருஷமாக வருஷக் கூட்டத்தில் சமையற்கட்டு வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு, மெம்பர்களின் பயணப் பேச்சைக் கேட்டாய். படகை நீ செப்பனிட்டாய், அவர்கள் போய்வந்து பேசினார்கள். வீட்டுக்கு வந்து அதையே எனக்குச் சொல்வாய். ஜட்ஜ் ஐயா மூன்று மீன் என்றால் உன் வாயில் முப்பது. நீ சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நான் நம்புவேன். இந்தத் தடவை டாக்டர் படகில் உன் சொந்தப் பயணம். கிளம்பும்போது சொன்னது ஞாபகம் இருக்கட்டும். "பேச்சு மொதல்ல உனக்கு, அப்புறம்தான் கிளப்புக்கு."

இன்னொன்று. துறையில் வைத்துச் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன். பொடியனைத் தண்ணீரில் இறங்க விடாதே. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. அம்மா போன பிறகு என் இடுப்பில் வளர்ந்த தம்பி. எதற்காவது இறங்கவேண்டி வந்தால் நீ இறங்கு. நீ கொக்கு, உனக்குத் தண்ணீர் பழக்கம்.

கம்பளியைப் போர்த்திக்கொள். சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன்னிடம் பாதி கழிப்பவள்.


ஏப்ரல் 2

பொடியா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கணும். நலம் எப்படி என்று உனக்கே தெரியும், அதை விடு. உன் இருமல் எப்படி இருக்கிறது? சாப்பாடு எங்கே? சொல்லாமல் கொள்ளாமல், ஊர் வந்து சேர்ந்த பதின்மூன்றாம் நாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாயே, உன் அட்டைப்பெட்டிக் கம்பெனி முகவரியை உன் சிநேகிதன் காலில் விழாத குறையாக வாங்கினேன்.

மாமாவுக்கு நான் எழுதிய கடிதம் போன வாரம் திரும்பி வந்தது. காற்று சரியில்லை என்று அந்தத் துறைமுகத்துக்கு நீங்கள் போகவே இல்லையாம். மேலே 'பெறுபவர் வரவில்லை' என்று முத்திரை. பிரிக்காமல் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவர் எப்படிப் போனார் என்று கேட்கவில்லை. பல் டாக்டர் வந்து உட்கார்ந்து சொன்னார். பதினேழாம் நாள் மத்தியானம் யாரோ விட்ட கிழிந்த வலை சுக்கானில் சுற்றிக்கொண்டது, அறுக்க இறங்கினார், இடைஞ்சலாக இருக்கிறது என்று இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்தார், மேலே வரவில்லை. ரேடியோவும் கெட்டுக் கிடந்தது. இரண்டு நாள் தேடினீர்கள். அதெல்லாம் கேட்டாயிற்று. எல்லாரும் அதையேதான் சொல்ல வருகிறார்கள்.

எனக்கு வேண்டியது அதற்கு முந்தின பதினாறு நாள். என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், என்ன சொல்லிச் சிரித்தார். அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. டாக்டரைக் கேட்டால் மூக்கைச் சிந்துகிறார்.

வெந்நீர் குடி.

அக்கா.


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் இல்லை. கம்பெனியிலேயே மாடியில் படுத்துக்கொள்கிறேன். இங்கே கடலும் இல்லை, ஆறும் இல்லை. குழாயில் தண்ணீர் வருவதே பெரிய விஷயம். பெட்டி மடிக்கிற வேலை. கஷ்டம் ஒன்றும் இல்லை.

மாமா நல்லா இருந்தாங்க.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி.


மே 6

பொடியா,

உன் கடிதம் வந்தது. சுகம் என்று தெரிந்து சந்தோஷம்.

'மாமா நல்லா இருந்தாங்க.' பதினாறு நாளுக்கு மூன்று வார்த்தை! தந்தி கொடுத்தாயா, கடிதம் எழுதினாயா? கல்லில் நார் உரிக்கலாம், உன்னிடம் பேச்சு வாங்க முடியாது. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுவாய், எண்ணெய் தேய்க்கும்போது கூடப் பேசுவாய்.

பல் டாக்டர் படகை விற்றுவிட்டார். கிளப் பக்கம் வருவதில்லை. படகு நின்ற இடத்தில் நீலத் தார்ப்பாய் மட்டும் மடித்துக் கிடக்கிறது. மாமாவின் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று சொல்கிறேன். நீங்கள் வந்து சேர்ந்த அன்றைக்கு நான் சமையற்கட்டில் இருந்தேன். அங்கிருந்து துறை தெரியாது, ஹாலில் இருக்கிற போர்டுதான் தெரியும். அரிசி களைந்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், போர்டு சுத்தமாக இருக்கிறது. டாக்டர் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை, கொக்கும் இல்லை. மூன்று பேரும் வந்தாச்சு என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலை அடுப்பில் வைத்தேன். மூன்று கப். டாக்டருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, உனக்கு இஞ்சி தட்டிப் போட்டு ஒன்று, அவருக்கு இரண்டு சர்க்கரை. தட்டை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தேன். மீதிதான் உனக்குத் தெரியுமே.

யார் அழித்தார்களோ. டாக்டரைக் கேட்டேன். போன் பண்ண ஓடும்போது பழக்கத்தில் தன் பெயரை மட்டும் அழித்ததாகச் சொன்னார். செகரட்டரி சத்தியம் பண்ணுகிறார். போகட்டும்.

விவரமாக எழுது.

அக்கா.


ஜூலை 1

பொடியா,

நான் சுகம். நீ?

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரர் என் தலையைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரித்துவிடுகிறார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் படிப்பில்லாதவள் என்று விட்டுவிடு.

அக்டோபரில் வருஷக் கூட்டம். இந்த வருஷம் மாமாவின் பயணத்தையும் சொல்லணும் என்று கமிட்டியில் முடிவு பண்ணியிருக்கிறார்கள். ஜட்ஜ் ஐயாதான் பிடிவாதமாக நின்றாராம். "பதினாலு வருஷம் நம்ம பேச்சைக் கேட்டவன்யா அவன். நின்னுகிட்டே கேட்டான். அவன் பேச்சை நாம ஒருநாள் உக்காந்து கேக்கக் கூடாதா?" என்றாராம். டாக்டர் தன்னால் முடியாது என்றுவிட்டார். இருப்பது நீதான். வந்து இருபது நிமிஷம் பேசு. இல்லையென்றால் அந்தப் பேச்சு யாருக்கும் இல்லாமல் போய்விடும். எனக்கும் இல்லாமல் போய்விடும்.

அக்கா.


ஜூலை 18

அக்கா,

நான் வரமாட்டேன். நான்தான் அழித்தேன்.

படகைக் கட்டியதும் டாக்டர் போன் பண்ண ஓடினார். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே நான் ஹால் வழியாகச் சமையற்கட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். போர்டைத் தாண்டும்போது கை தானாகப் போனது. என் பெயரை அழித்தேன். கை நிற்கவில்லை. கீழேயே கொக்கு இருந்தது. ஒரே இழுப்பில் அதுவும் போய்விட்டது. உள்ளங்கையைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. அப்புறம் உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல் துறைக்கே திரும்பி ஓடினேன். கொஞ்ச நேரத்தில் நீ தட்டோடு வருகிறாய். தட்டில் மூன்று கப். சிரித்துக்கொண்டே வந்தாய். எட்டிப் பார்த்து, "எங்க அவரு, ஒளிஞ்சுகிட்டாரா?" என்றாய்.

அது என் காதில் இன்னும் இருக்கிறது. மடிக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறது.

வலை சிக்கியபோது நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். மாமா என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு அவர் இறங்கினார். ஏன் என்று கேட்காதே. என்ன சொன்னார் என்றும் கேட்காதே.

உனக்கு நான் தம்பியே இல்லை என்று வைத்துக்கொள்.


ஜூலை 27

என் பொடியா,

உன் கடிதத்தை நேற்றுக் காலையில் படித்தேன். இன்று காலையில் மறுபடியும் படித்தேன். மத்தியானம் முட்டைக்கோஸ் நறுக்கும்போது கொஞ்சம் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கக்கூட முடியவில்லை. அவ்வளவுதான், முடிந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். போர்டு சுத்தமாக இருந்ததைப் பார்த்ததிலிருந்து துறைக்கு வந்து சேரும் வரை எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு படி பால் காய்கிற நேரம். அந்த நேரம் முழுக்க அவர் வந்துவிட்டார். நான் அவருக்கு இரண்டு சர்க்கரை போட்டேன். தலையை வாரிக்கொண்டேன். சேலைத் தலைப்பில் முகம் துடைத்தேன். இத்தனை நாள் என்னைக் காக்க வைத்ததற்கு முதல் வார்த்தை என்ன திட்டலாம் என்று யோசித்தேன். நீ அழிக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்த நேரமும் இல்லை. எல்லாரும் எனக்குத் துக்கம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ ஒருத்தன்தான் தெரியாமல் அவரை ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அதற்குப் போய்த் தம்பியே இல்லை என்கிறாய்.

ஏன் என்று நான் கேட்கமாட்டேன். என்ன சொன்னார் என்றும் கேட்கமாட்டேன். துறையில் நின்று அவரிடம் நான் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. திரும்பி வந்த கடிதத்திலும் அதுதான் இருக்கிறது. அதை நீயும் பேசாதே, நானும் பேசவில்லை. நீ மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறாய், எனக்கு அது போதும்.

ஆனால் தண்டனை வேண்டும் என்றால் தருகிறேன். பதினாறு நாளையும் எழுதி அனுப்பு. நீ வராவிட்டால் நானே படிக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் படிப்பேன்.

இஞ்சி வாங்கி வைத்திருக்கிறாயா இல்லையா?

அக்கா.


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இஞ்சி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து எழுதினேன், அதனால் தாமதம்.

முதல் மூன்று நாள் மாமாவுக்கு வாந்தி. டாக்டர் மாத்திரை கொடுத்தால் வாங்கவே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். மீனுங்க பசியோட இருக்கு, சாப்பாடு போடுறேன்" என்றார். நாலாம் நாள் எழுந்து மூன்று பேர் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார்.

படுக்கை மூன்று இருந்தது. எதிலும் மாமாவின் கால் அடங்கவில்லை. கடைசியில் முன்பக்கம் பாய்த்துணி மடித்து வைக்கிற பொந்தில் படுத்தார். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் டாக்டர் முகம் கழுவிவிட்டு அந்தப் பெருவிரலில்தான் துண்டைக் காயப்போடுவார். "என்ன டாக்டர், வாடகை தருவீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குறட்டை இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. மூடுபனி அன்றைக்கு மற்ற படகுகளுக்குக் கேட்கச் சங்கு ஊத மறந்துவிட்டோம். "தேவையில்ல, அவன்தான் தூங்குறானே" என்றார் டாக்டர்.

ரொட்டியில் பூஞ்சை பிடித்தது. மாமா இழைப்புளியால் மரம் சீவுகிற மாதிரி மேல்பக்கத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டுக் கொடுத்தார். டீ எது போட்டாலும் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். "மாப்ளே, உங்க அக்கா டீயை நான் இத்தனை வருஷம் குறை சொன்னேன் பாரு. அந்தப் பாவம்தான் இப்ப ஒன் கையால குடிக்கிறேன்" என்பார்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒத்திகை. கரண்டிதான் மைக். ஒரு காலை மடக்கிப் பாய்மரத்தில் வைத்துக்கொள்வார். "உறுப்பினர்களே, உறுப்பினர்களின் துணைவியரே, சமையல்கட்டுல நின்னு பாதி கழிக்கிற எங்க வீட்டு மகாராணியே" என்றுதான் தொடங்குவார். ஒன்பதாம் நாள் ஒரு மீன் பிடித்தார். ஒரு முழம் இருக்கும். சாயங்காலப் பேச்சில் அது இரண்டு முழம். பதினோராம் நாள் நாலு முழம். "தின்ன மீன் எப்படி மாமா வளருது?" என்று கேட்டேன். "வயித்துக்குள்ள வளருதுடா. ஊர் போறதுக்குள்ள படகு அளவுக்கு வந்துடும். அவ பாதி கழிச்சாலும் அரைப் படகு மிஞ்சணுமில்ல" என்றார்.

இப்போது பன்னிரண்டாம் நாள். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடி மேலே வந்தேன். தண்ணீர் மட்டும்தான் பெரிய வட்டமாகச் சுழன்று அடங்கிக்கொண்டிருந்தது. மாமா சட்டையெல்லாம் நனைந்து நின்றார். "திமிங்கலம் மாப்ளே. பக்கத்துலயே வந்துச்சு. ஒரு கண்ணால என்னைப் பாத்துச்சு" என்றார். "எவ்ளோ பெரிசு மாமா?" என்றேன். இரண்டு கையையும் விரிக்கப் போனார், பாதியில் இறக்கிவிட்டார்.

அன்றைக்கு ஒத்திகை இல்லை. படுக்கப் போகும்போது என் தோளில் கைவைத்து, "இதை மேடையில சொல்ல மாட்டேன்டா. உங்க அக்காகிட்ட மட்டும்தான் சொல்லணும். இதுல அவ எதையும் கழிக்க வேணாம்" என்றார்.

பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை நல்ல காற்று. மாமா பாடிக்கொண்டே வந்தார், சுருதி எதுவும் சேரவில்லை. பதினேழை நான் எழுதவில்லை.

தம்பி.


அக்டோபர் 4

அக்கா,

லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். மேடையில் ஏறமாட்டேன், முன்வரிசையிலும் உட்காரமாட்டேன். தட்டு பிடிக்கிறேன்.

பொடியன்.


அக்டோபர் 19

என் கொக்கே,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். இதற்கு முகவரி போட வேண்டியதில்லை, அதனால் தபால்தலை மிச்சம். நீ சுகமா என்று கேட்டே பழகிவிட்டது, இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். நான் பரவாயில்லை. பொடியன் வந்திருக்கிறான், இளைத்திருக்கிறான், இருமல் இல்லை.

நேற்று வருஷக் கூட்டம். எப்போதும் போல மடக்கு நாற்காலி, சுவரில் வெள்ளைத் துணி. ஜட்ஜ் ஐயா தீவுகளைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள், ஒருத்தருக்குப் பிஸ்கட் கையிலேயே இருந்தது. நீ இருந்திருந்தால் இன்று காலைக்குள் அதை இருபது பேராக்கியிருப்பாய்.

அப்புறம் செகரட்டரி எழுந்து, "அடுத்து நம்ம மேஸ்திரியோட பயணம்" என்றார். நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். முதல் நாலு வரி விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மீனுக்குச் சாப்பாடு போட்ட இடம் வந்ததும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே படித்துவிட்டேன். பெருவிரலில் துண்டு காயப்போட்ட இடத்தில் கடைசி வரிசையில் யாரோ எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்கள். பார்த்தால் பல் டாக்டர், எப்போது வந்து உட்கார்ந்தாரோ. சிரித்த வாயை மூடாமலேயே அழுதார்.

பொடியன் சமையற்கட்டு வாசலில் உன் இடத்தில் தட்டோடு நின்றான். இரண்டு காலிலும்தான் நின்றான்.

பன்னிரண்டாம் நாளில் சத்தம் வந்ததும், படகு சாய்ந்ததும், நீ நனைந்து நின்றதும் படித்தேன். மேடையில் சொல்லமாட்டேன் என்று நீ சொன்னாயே, அதனால் திமிங்கலம் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே நிறுத்தி, காகிதத்தை மடித்துவிட்டேன். மீதி எனக்கு மட்டும் வந்தது. ஜட்ஜ் ஐயா கடலில் திரிந்தவர், அந்தச் சத்தத்திலேயே என்னவென்று புரிந்துகொண்டார். அவருக்கு எதிலும் கணக்கு வேண்டும், உனக்குத் தெரியுமே. எழுந்து நின்று, "எத்தனை அடி இருக்கும்மா?" என்று கேட்டார். "பாத்தவர்தான் சொல்லணும் ஐயா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பொடியன் சாக்பீஸ் எடுத்துப் போர்டில் உன் கொக்கை மறுபடியும் வரைந்தான். செகரட்டரி பார்த்தார், விளக்கை எங்களுக்காக விட்டுவிட்டுப் போனார். அவனுக்குக் காலை மடக்கத் தெரியவில்லை. கழுத்தும் குட்டை. கொக்கா வாத்தா என்று கேட்டேன். "அழிச்சவன் எழுதியாச்சுக்கா, இனி மாமா வந்து திருத்திக்கட்டும்" என்றான். இன்று காலையில் அதைச் சுற்றித்தான் துடைத்தேன். சட்டம் சட்டம்தான். வந்தவன் கையால்தான் அழிக்கணும். அவசரம் இல்லை.

உனக்கு எழுதிய அந்தப் பழைய கடிதத்தை டின்னிலிருந்து எடுத்துப் பிரித்தேன். நான் எழுதினதுதான், ஆனாலும் படித்தேன். நீ படிக்காததுதான் நல்லது. துறையில் சொன்னதே போதும்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். பொடியன் அசந்து தூங்குகிறான், கால் பாயை விட்டு வெளியே. வெளியே மெம்பர்களின் படகுக் கயிறுகள் ஆடுகிற சத்தம் கேட்கிறது. எல்லாருடைய பேச்சையும் கேட்டாயிற்று. உன்னுடையதில் இந்த ஒரு இடம்தான் பாக்கி. அவனுக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. கையை விரிக்கப் போய் இறக்கிவிட்டாயாமே. நீ எவ்வளவு சொன்னாலும் சரி, சத்தியமாகப் பாதி கழிக்கமாட்டேன்.

கொக்கே, அது எத்தனை முழம் இருந்தது?